கோடு முடிவில் வரட்டும்: சுகாதாரக் கணக்கில் எண்களைக் கூறுபோடுவது பற்றி

பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை தெருக்களில் வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் பையில் ஒரு ரத்த அழுத்தக் கருவியும் ஒரு குளுக்கோமீட்டரும் இருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தக் கருவிகளைத் தமிழகத்தின் வீட்டு வாசல்கள்வரை கொண்டுவந்திருக்கிறது. வாசலில் கருவி காட்டுவது எண்தான்: 112, 138, 141, 190. ஆனால் பொதுமக்களும் செய்தித்தாள்களும் ஆட்சியாளர்களும் கடைசியில் பார்ப்பது அந்த எண்களை அல்ல. ‘உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இத்தனை பேர்’ என்ற ஒற்றைத் தொகையைத்தான். 140 என்ற கோட்டில் வெட்டியதும் 138 உள்ளவரும் 112 உள்ளவரும் ஒரே கூட்டமாகிவிடுகிறார்கள். 141 உள்ளவரும் 190 உள்ளவரும் இன்னொரு கூட்டம். 138க்கும் 141க்கும் உள்ள வேறுபாடு ஒருவர் படியேறி வந்து உட்கார்ந்ததாலேயே வரக்கூடியது. 141க்கும் 190க்கும் உள்ள வேறுபாடோ பக்கவாதத்துக்கும் பிழைப்புக்கும் உள்ள தூரம். முதல் வேறுபாட்டைப் பெரிதாக்கி இரண்டாவதை அழித்துவிடும் இந்தப் பழக்கம் சுகாதாரப் புள்ளியியலில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதனால் நாம் எதை இழக்கிறோம், அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சிகிச்சை முடிவெடுக்கக் கோடு வேண்டும். ஆனால் பதிவிலும் ஆய்விலும் அறிக்கையிலும் அந்தக் கோட்டை முன்கூட்டியே கிழித்துவிடுவது தவறு என்பது என் முடிவு.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், பெரும்பாலானவை இயற்கை போட்டவை அல்ல என்பது விளங்கும். 1950களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரு மருத்துவர்களிடையே ஒரு பெரிய விவாதம் நடந்தது. உயர் ரத்த அழுத்தம் தனியொரு நோய், அது உள்ளவர்கள் தனிக் கூட்டம் என்றார் பிளாட். ரத்த அழுத்தம் உயரத்தைப்போல எல்லோரிடமும் கூடக்குறைய இருப்பது, நாம்தான் நடுவில் கோடு போடுகிறோம் என்றார் பிக்கரிங். சான்றுகள் பிக்கரிங் பக்கமே சேர்ந்தன. 61 ஆய்வுகளிலிருந்து பத்து லட்சம் பேரின் தரவைத் திரட்டி 2002இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் மேல் அழுத்தம் 20 கூடும்தோறும் பக்கவாத மரணம் இரு மடங்குக்கு மேல் கூடுகிறது என்றும், 115/75 வரை இறங்கினாலும் ‘இதற்குக் கீழே ஆபத்தில்லை’ என்ற இடமே தென்படவில்லை என்றும் காட்டியது. ஆகவே 140 என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு. 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அதை 130ஆக இறக்கியபோது, யாருடைய உடலிலும் எதுவும் மாறாமலே, அந்நாட்டில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களின் பங்கு 31.9 விழுக்காட்டிலிருந்து 45.6 விழுக்காட்டுக்குத் தாவியது. சர்க்கரையிலும் இதே கதைதான். வெறும் வயிற்றில் 140 என்றிருந்த நீரிழிவு வரம்பு 1997இல் 126 ஆனது. நீரிழிவுக்கு முந்தைய நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 110இல் கோடு போடுகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003 முதல் 100இல் போடுகிறது. வெறும் வயிற்றில் 105 காட்டும் பம்மல்வாசி ஒருவர் ஒரு கணக்கில் நலமானவர், இன்னொரு கணக்கில் நீரிழிவின் வாசலில் நிற்பவர். பிறப்பு எடைக்கு இன்றும் நாம் வைத்திருக்கும் 2,500 கிராம் கோடு, பின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ 1919இல் முன்வைத்தது. கண் நீர் அழுத்தத்துக்கு 21 என்ற வரம்பும் சராசரியோடு இரண்டு திட்ட விலக்கங்களைக் கூட்டிக் கிடைத்ததுதான். சென்னை நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் கிளாக்கோமா கண்டறியப்பட்டவர்களில் பெரும்பான்மையோரின் கண் அழுத்தம் வழக்கமான வரம்புக்குள்ளேயே இருந்தது. அழுத்தத்தை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பியிருந்தால் அவர்களில் பலர் பார்வை போன பிறகே திரும்பி வந்திருப்பார்கள்.

கூறுபோடுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். மணிவடிவில் பரவியிருக்கும் ஓர் அளவைச் சரிபாதியில் வெட்டி ‘மேல்’, ‘கீழ்’ என்று மட்டும் வைத்துக்கொண்டால், அதற்கும் நோய்க்கும் உள்ள நேர்கோட்டுத் தொடர்பைக் கண்டறியும் வலிமை ஏறக்குறைய 64 விழுக்காடாகக் குறைகிறது. 1,000 பேரிடம் அளந்துவிட்டு 360 பேரின் தாள்களைக் கிழித்துப் போடுவதற்கு அது சமம். கோடு ஓரத்துக்குப் போகப்போக இழப்பு பெருகும். மேலேயுள்ள பத்து விழுக்காட்டை மட்டும் தனியே பிரித்தால், 1,000 பேரின் தரவு ஏறக்குறைய 340 பேரின் தரவுக்குத்தான் நிற்கும். டக்ளஸ் ஆல்ட்மன், பேட்ரிக் ராய்ஸ்டன் ஆகிய புள்ளியியலாளர்கள் 2006இல் இதை விரிவாக எழுதி, இருகூறாக்கும் பழக்கத்தைக் கைவிடும்படி மருத்துவ ஆய்வாளர்களை வலியுறுத்தினார்கள். பரிசோதனைக் கருவிக்கும் அளப்பவரின் உழைப்புக்கும் ஊசிக் குத்து வாங்கிய மக்களின் பொறுமைக்கும் நாம் கொடுத்த விலையில் மூன்றிலொரு பங்கைக் காரணமில்லாமல் வீணாக்குகிறோம் என்பதே இதன் பொருள்.

சென்னையிலேயே பிறந்த ஒரு கருவியை அருகில் வைத்துப் பார்ப்போம். சென்னை நகர மக்களிடம் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வின் தரவைக்கொண்டு மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் 2005இல் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை வெளியிட்டார்கள். ரத்தமே எடுக்காமல், நான்கு கேள்விகளில், யாருக்கு நீரிழிவுப் பரிசோதனை தேவை என்று சொல்லும் எளிய கருவி அது. எளிய மக்களுக்கு அது செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் 0, 80 முதல் 89 வரை 10, 90க்கு மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டுமே இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60ஐத் தொட்டால் அதிக அபாயம். இப்போது 49 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: இடுப்பு 79 சென்டிமீட்டர், உட்கார்ந்தே வேலை, பெற்றோருக்கு நோயில்லை. அவருடைய மதிப்பெண் 50, நடுத்தர அபாயம். அளவு நாடாவைப் புடவைக்கு மேல் சற்றுத் தளர்வாகப் பிடித்து 80 என்று எழுதினால் 60, அதிக அபாயம். நாடா சரியாக இருந்து, அடுத்த பிறந்தநாள் வந்தாலும் 60தான். ஆனால் 35 வயதிலிருந்து 49 வரையான பதினான்கு ஆண்டுகளில் வயதுக்காக ஒரு மதிப்பெண்கூட ஏறாது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் உடல் மூப்படையவில்லை, ஐம்பதாவது பிறந்தநாள் இரவில் மொத்தமாக மூப்படைந்துவிட்டது என்று எந்த மருத்துவரும் நம்பமாட்டார். கையால் கூட்டிப் பார்க்கவேண்டிய காலத்தில் இந்தப் படிக்கட்டு தேவைப்பட்டது. எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் இன்று, வயதையும் இடுப்பையும் அப்படியே உள்ளிட்டால் சரிவாக ஏறும் ஓர் அபாய விழுக்காட்டைச் சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை.

மருத்துவத்தில் கோடு எவ்வளவு இடர் தரும் என்பதற்குச் செங்கல்பட்டு ஓர் எடுத்துக்காட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் அன்றைய ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரும் பரிசோதனையைத் தொடங்கியது. 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ போலி மருந்தோ சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துத் தரப்பட்டது. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, முன்பே காசநோய்க் கிருமி தொற்றாதவர்களைப் பிரிக்கவேண்டும். அதற்கு டியூபர்குலின் ஊசி போட்டு, தோலில் எழும் வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்தார்கள். வட நாடுகளில் இந்த வீக்கங்களை வரைபடமாக்கினால் இரண்டு மலைகளும் நடுவே ஒரு பள்ளத்தாக்கும் தெரியும். கோட்டை அந்தப் பள்ளத்தில் போட்டுவிடலாம். நம் மண்ணிலும் நீரிலும் காசநோய் உண்டாக்காத உறவுக் கிருமிகள் நிறைய. அவை எழுப்பும் இடைப்பட்ட வீக்கங்கள் பள்ளத்தை நிரப்பிவிட்டன. ஆகவே 0 முதல் 7 மில்லிமீட்டர்வரை தொற்றாதவர், 12க்கு மேல் தொற்றியவர், நடுவிலுள்ளவர் எந்தப் பக்கமும் சேராதவர் என்று வைத்துக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் அறிக்கைக்கு, 7 மில்லிமீட்டருக்குள் வீக்கமும் குறையற்ற எக்ஸ்ரேயும் இருந்த 1,09,873 பேர் அடிப்படையானார்கள். பெரியவர்களுக்குத் தடுப்பூசி காசநோய்ப் பாதுகாப்பு தரவில்லை என்ற முடிவு உலகை உலுக்கியது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த ஆய்வாளர்கள் எழுதி வைத்தது மில்லிமீட்டர் எண்ணை. ‘தொற்று உண்டு, இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால், கோடு சரியா என்று பின்னால் வந்தவர் எவரும் கேள்வியே கேட்டிருக்க முடியாது.

கோட்டுக்கு மேல் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு, மக்கள்தொகையின் நிலையையும் திரித்துக் காட்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையான தமிழகப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 55 விழுக்காடு, 2019-21இல் 53.4. இங்கே கோடு 12 கிராம் ஹீமோகுளோபின்; கர்ப்பிணிகளுக்கு 11. இந்த வரம்பு உலக சுகாதார நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டு அறிக்கையில் அமைந்தது. ஒரு கூட்டத்தின் சராசரி 11.8, திட்ட விலக்கம் 1.6 என்று வைத்துக் கணக்கிட்டால் 12க்குக் கீழே 55 விழுக்காட்டினர் வருவர். சராசரி 0.3 கிராம் உயர்ந்தால் அது 47.5 விழுக்காடாக இறங்கும். அதே சிறு உயர்வில், 8 கிராமுக்குக் கீழே உள்ள கடும் ரத்தசோகை ஆயிரத்தில் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்துவிடும். முதல் கோட்டைப் பார்ப்பவர் ஏழில் ஒரு பங்கு போலக் குறைந்தது என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் பாதிக்கு அருகே ஒழிந்தது என்பார். நடந்ததோ ஒன்றே. இதே கணக்கில், 55க்கும் 53.4க்கும் உள்ள இடைவெளி வெறும் 0.06 கிராமுக்குச் சமம். ஒரே ஆளின் விரலில் அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு துளிகளே அதைவிடக் கூடுதலாக மாறுபடும். அந்த 1.6 விழுக்காட்டை வைத்து ஓர் ஆட்சியைப் புகழ்வதும் பழிப்பதும் பொருளற்றது. கோட்டையே மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நலமான இந்தியச் சிறுவர் சிறுமியரிடமிருந்தே வரம்பை வகுத்தபோது, 30 விழுக்காடாக இருந்த ரத்தசோகை ஏறக்குறைய 11 விழுக்காடாகியது. எந்தக் கோடு சரி என்பதில் அறிஞர்கள் வாதாடட்டும். சராசரியையும் பரவலையும் வெளியிட்டிருந்தால், வாசகர் இரண்டு கோடுகளையும் தாமே வைத்துப் பார்த்திருப்பார்.

ஆய்வாளர் தாமே கோட்டைத் தேடிப் பிடிக்கும்போது தவறு இன்னும் கூடுகிறது. மார்பகப் புற்றுநோயில் செல் பிரியும் வேகத்தைக் குறிக்கும் ஓர் அளவுக்கு வெவ்வேறு ஆய்வுகள் 19 வெவ்வேறு வரம்புகளைப் பயன்படுத்தியிருந்ததை ஆல்ட்மன் குழு 1994இல் எடுத்துக்காட்டியது. தரவைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் வெட்டினால் வேறுபாடு பெரிதாகத் தெரியும் என்று தேடினால், தொடர்பே இல்லாத இடத்தில் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் பிழை 5 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடுவரை ஏறும். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாதது. நாகல்கேணி தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ரத்த அழுத்தத்தை மற்றவர்களோடு ஒருவர் ஒப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயதின் செல்வாக்கை நீக்க ‘50க்குக் கீழ், 50க்கு மேல்’ என்று இரண்டாகப் பிரிக்கிறார். தொழிலாளர் பெரும்பாலும் 45 பக்கமும், மற்றவர் 25 பக்கமும் இருந்தால் இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். வயது உண்டாக்கிய வேறுபாடு தோல் தொழில் உண்டாக்கியதாகத் தெரியும். வயதைச் சரிசெய்துவிட்டோம் என்று அறிக்கை சொல்லும். உண்மையில் பாதியும் சரிசெய்திருக்காது.

கோடு, அளக்கும் கையையும் வளைக்கிறது. நம் நாட்டுப் பிறப்பு எடைப் பதிவுகளில் சரியாக 2,500 கிராம் என்ற எண்ணில் குழந்தைகள் குவிந்திருப்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததே. 2,440ஐயும் 2,460ஐயும் முழு எண்ணாக்கும் வழக்கம் அது. ‘2,500க்குக் கீழ்’ என்ற கணக்கில் அந்தக் குழந்தைகள் விடுபட்டுப்போகும். இதனால்தான் 2005இல் உலக அளவில் கணக்கிட்டவர்கள், 2,500இல் நிற்கும் குழந்தைகளில் கால்பங்கினரை எடை குறைந்தவர்களாகச் சேர்த்துக்கொள்ளவேண்டி வந்தது. ரத்த அழுத்தமும் பூஜ்யத்தில் முடியும் எண்களில் குவிகிறது; 140 என்று எழுதுவதா 138 என்று எழுதுவதா என்பதில் எழுதுபவரின் மனமும் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 1,500 கிராம் கோட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டது. கோட்டுக்குச் சற்றுக் கீழே பிறந்த குழந்தைகள் கூடுதல் கவனிப்புப் பெற்றார்கள். சற்று மேலே பிறந்தவர்களைவிட அவர்களிடம் இறப்பு ஏறக்குறைய ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. கோட்டுக்கு மேலே இருந்ததாலேயே உயிரிழந்த குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இவற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் உண்டு; அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, மருத்துவருக்கு ‘மாத்திரை கொடு, கொடுக்காதே’ என்ற இரண்டு வழிகள்தான் உள்ளன, ஆகவே கோடு வேண்டும் என்பது. இது உண்மை. இதற்குத் தமிழகமே நல்ல சான்று. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளியின் உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, காலில் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழா, தாங்குதலின்றி நிற்க முடியவில்லையா என்று பார்த்து, ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்க்கும் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள். தாம்பரம் சானடோரியம்போன்ற இடங்களில் படுக்கை குறைவு, நேரம் குறைவு. அங்கே இந்தக் கோடுகள் உயிர் காக்கின்றன. ஆனால் அதே திட்டத்துக்காகச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அதே ஐந்து குறிகளைக்கொண்டு இறப்பு வாய்ப்பை விழுக்காடாகக் கணிக்கும் மாதிரியை உருவாக்கியது. 2025இல் அது களப்பணியாளரின் செயலியில் சேர்ந்தது. கடும் நிலையில் உள்ளவர்களிடம் அந்த வாய்ப்பு 10 முதல் 50 விழுக்காடுவரை விரிகிறது. ‘கடும் நிலை’ என்ற ஒரே பெட்டிக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு ஒளிந்திருந்தது என்பதை அந்த விழுக்காடுதான் காட்டியது. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் கடைசியில் இடம் ஒதுக்கும்போதுதான் வருகிறது. அதற்காக யாரும் மதிப்பெண் பட்டியலில் ‘மேல்’, ‘கீழ்’ என்று மட்டும் அச்சிட்டுத் தருவதில்லை. சுகாதாரத்திலும் அந்த வரிசைதான் வேண்டும்: முதலில் எண், பிறகு கணிப்பு, கடைசியில் முடிவு.

இரண்டாவது நியாயம், அளவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நேர்கோடாக இல்லாதபோது கூறுபோடுவது பாதுகாப்பு என்பது. உடல் எடை மிகக் குறைந்தாலும் ஆபத்து, மிகக் கூடினாலும் ஆபத்து. நேர்கோடு போட்டால் தவறாகும் என்பது சரியே. ஆனால் நேர்கோட்டுக்கு மாற்று படிக்கட்டு மட்டும்தானா? வளைந்து செல்லும் கோடுகளைப் பொருத்தும் முறைகள் பல பத்தாண்டுகளாக உள்ளன. ராய்ஸ்டனும் ஆல்ட்மனும் 1994இலேயே அப்படியொன்றை வகுத்தார்கள். இலவச மென்பொருள்களில் அவை கிடைக்கின்றன. மூன்றாவது, வீட்டு வாசலில் அளக்கும் எண்ணே முரட்டுத்தனமானது, அதை நுணுக்கமாக வைத்து என்ன பயன் என்பது. அளவில் பிழையுண்டு என்றால், கோட்டருகே இருப்பவர்கள் தவறான பக்கம் விழும் ஆபத்து இன்னும் கூடும். பெட்டிக்குள் போட்டால் பிழை மறைந்துவிடாது, பார்வையிலிருந்து மட்டும் மறையும். நான்காவது, சாதாரண மக்களுக்குச் சராசரியும் பரவலும் புரியாது என்பது. தங்கம் கிராம் எத்தனை ரூபாய் ஏறியது, ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை நாள்தோறும் எண்ணாகப் படித்துப் புரிந்துகொள்ளும் மக்கள் நம்மவர்கள். ‘உங்கள் வட்டாரத்தில் ஐம்பது வயதுக்காரர்களின் சராசரி ரத்த அழுத்தம் ஐந்தாண்டில் மூன்று புள்ளி குறைந்தது’ என்றால் அவர்களுக்குப் புரியும்.

அந்தச் சராசரிதான் பொதுச் சுகாதாரத்தின் பெரிய பாடமும்கூட. நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மிக உயர்ந்த ஆபத்து உள்ள சிலரிடமிருந்து வருவதைவிட, சற்றே ஆபத்து உள்ள மிகப் பலரிடமிருந்தே நோய்கள் கூடுதலாக வரக்கூடும் என்று காட்டியது. கோட்டுக்கு மேலுள்ளவர்களைத் தேடிப்பிடித்து மாத்திரை தருவது தேவை. ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டங்களில் ஏறும் உப்பைக் குறைத்து ஊரின் சராசரியை இரண்டு மூன்று புள்ளி இறக்குவது அதைவிட அதிக உயிர்களைக் காக்கக்கூடும். கோட்டுக்கு மேல் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணும் அரசுக்கு இந்த வெற்றி கண்ணிலேயே படாது. 120ஆக இருந்தவர் 117ஆனால் எந்தப் பெட்டியும் மாறுவதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை எளியவை, செலவில்லாதவை. வாசலில் எடுத்த எண் வாசலிலேயே பெட்டியாகிவிடாமல், எண்ணாகவே மேலே போகட்டும். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, பம்மல் உள்ளிட்ட தன் ஐந்து மண்டலங்களுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றின் சராசரியையும் பரவலையும், எந்தக் கருவியால் அளந்தது என்ற குறிப்போடு, ஆண்டுதோறும் வெளியிடட்டும். கோடு தேவைப்படும் இடத்தில் அதைத் தரவைப் பார்க்கும் முன்பே அறிவிக்கட்டும். இரண்டு மூன்று கோடுகளில் முடிவு எப்படி மாறுகிறது என்றும் சொல்லட்டும். மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், வயதையும் எடையையும் சர்க்கரையையும் இரண்டாகப் பிளந்து கொண்டுவந்தால் காரணம் கேட்கும் வழக்கத்தை வழிகாட்டும் பேராசிரியர்கள் தொடங்கட்டும். பரிசோதனைக்குக் கை நீட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள்: ‘நார்மல்’ என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை எந்தப் பெட்டியும் உங்களுக்குச் சொல்லாது.